பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தது

செப்டம்பர் 12, சனி. காலை 6.40. இதுவரை பார்த்த கார்கள்: 11. தேறியவை: 0.

மேகமூட்டம். மழை இல்லை. நேற்றுத் துவைத்த யூனிஃபார்ம் இன்னும் ஈரம்.

தள்ளியவற்றில் சில, பிறகு குழப்பம் வராமலிருக்க:

எண் 4, ஆவடி. மீட்டரில் இருபத்தெட்டாயிரம் கி.மீ. கிளட்ச் பெடலில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது. இருபத்தெட்டாயிரத்துக்கு அப்படித் தேயாது. யாரோ மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள்.

எண் 7, பூந்தமல்லி. "டாக்டர் வண்டி சார்." எல்லா வண்டியும் டாக்டர் வண்டிதான். இந்தப் பக்கத்து டாக்டர்கள் வைத்தியமே பார்ப்பதில்லை போல, கார்தான் விற்கிறார்கள்.

எண் 9, திருவேற்காடு. ஆறிய இன்ஜினை நானே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முதல் நாளே சொன்னேன். போனபோது பானட் சுடுகிறது. "பால் வாங்கப் போனேன் தம்பி." பால் கடை எதிரில்.

எண் 11. நல்ல வண்டி. ஆனால் ஓனருக்குப் பெயர் மாற்றிக் கொடுக்க மனசில்லை. ஒரு வருஷம் அவர் பெயரிலேயே ஓட்டணுமாம். போய்யா.

கெடு: அக்டோபர் முடிவு. ஜெனி அக்காவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு இங்கே வந்துவிட்டாள். நவம்பர் மூன்றாம் வாரம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அக்கா வீட்டுக்காரர் செந்தில் ஓசூரில் வேலை, வாரம் ஒரு நாள்தான் வருவார். நவம்பர் மழையில் பட்டாபிராமில் எங்கள் தெருவுக்குள் எந்த ஆட்டோவும் வராது. ஆஸ்பத்திரி பூந்தமல்லிப் பக்கம். ஆகவே கார்.

அப்பா: "நீ கார் பாக்கிறியா, பொண்ணு பாக்கிறியா?"
அம்மா: "பொண்ணு பாக்கப் போனாலும் இவன் டார்ச் எடுத்துனுதான் போவான்."

போவேன்.


செப். 13, ஞாயிறு. பகல் 12.15. சபையிலிருந்து வந்ததும்.

அறிவிப்பு நேரம். பாஸ்டர் காணிக்கைக் கவர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். ஒருவருக்குப் பிறந்தநாள். ஒருவருக்குக் கிட்னிக் கல் கரைந்தது. அடுத்து: "பட்டாபிராம் ஞானராஜ் குடும்பத்தார், புதிய வாகனம் தந்த கர்த்தருக்கு நன்றியாக, ஸ்தோத்திரக் காணிக்கை."

ஞானராஜ் என் அப்பா. எங்களிடம் வாகனம் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தால் ஆளாளுக்குக் கை கொடுக்கிறார்கள்.

"என்னா கலர் தம்பி?"
"தெரியாது."

சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அப்பாவை மடக்கினேன். பெரியப்பா தன் காரை நமக்குத் தருகிறாராம். வெள்ளிக்கிழமையே அண்ணனும் தம்பியும் போனில் பேசி முடித்துவிட்டார்கள். அவருக்குக் கண்ணில் புரை, இனி ஓட்டப் போவதில்லையாம். விலை பேசவில்லை. அண்ணன் தம்பிக்குள் விலை பேசக் கூடாதாம், கொடுப்பதை வாங்கிக்கொள்வாராம். அடுத்த ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு நம் வீட்டு வாசலில் ஜெபம். பாஸ்டர் கையால் சாவி.

"வண்டியைப் பாக்காமலேயா?"
"என் அண்ணன் வண்டிடா. அதுல இன்னா பாக்கிறது?"
"கவர் போடறதுக்கு முன்னாடி என்னாண்ட ஒரு வார்த்தை..."
"கேட்டா நீ டார்ச் எடுப்ப."

பெரியப்பா சபைச் செயலாளர். அம்பத்தூரில் வீடு. அவர் வண்டியைத் திருப்பி அனுப்புவது என்றால் பாஸ்டர் மைக்கில் வாசித்ததைத் திருப்பி அனுப்புவது. காணிக்கைக் கவரை யாரும் திரும்பக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மத்தியானம் மீன் குழம்பு. நன்றாக இருந்தது. சொல்லவில்லை.


செப். 15, செவ்வாய். இரவுச் சாப்பாட்டுக்கு முன்.

வேலை. பிரஸ் ஷாப்பிலிருந்து வந்த பிராக்கெட்டில் நானூறு பீஸ் தள்ளினேன். துளை 0.3 மி.மீ. தள்ளியிருக்கிறது. சப்ளையர் மேனேஜருக்கு மச்சான். மேனேஜர் முகம் போன போக்கு! ஆனாலும் தள்ளினேன். அதற்குத்தான் சம்பளம். க்யூ.சி., தரச் சோதனை என்று சட்டையில் எழுதியிருக்கிறது.

வீட்டில் சட்டை வேறு. பெரியப்பா காரை ஒரு மணி நேரம் எடுத்துப் பார்க்கிறேன் என்றதற்கு அப்பா: "சொந்த அண்ணனைச் சோதனை போடுவியா? திருடன்னு சொல்றதும் அதுவும் ஒண்ணுதான்."

விதி இதுதான் போல. வெளியாள் வண்டி என்றால் அடியில் படுத்துப் பார்க்கலாம். சொந்தக்காரன் வண்டியில் டயரைக்கூட உதைக்கக் கூடாது. நான் பார்த்த வரையில் ஏமாந்தவர்கள் எல்லாரும் சொந்தத்தில்தான் வாங்கியிருக்கிறார்கள். ஏமாந்ததையும் வெளியே சொல்ல முடியாது.

அக்கா தனியாகக் கூப்பிட்டாள். கால் வீங்கியிருக்கிறது, பக்கெட்டில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாம், எங்க ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு நம்ம பக்கத்துல முதல்ல யார் வந்தது, சொல்லு."
"பெரிப்பா."
"செந்தில் கோயிலுக்குப் போற பையன்னு தெரிஞ்சும், சபையில நாலு பேர் கேப்பாங்கன்னு தெரிஞ்சும் வந்தாரு. அப்பாவைக் கையைப் புடிச்சி இட்டுனு வந்தவரும் அவர்தான். ஞாபகம் வெச்சிக்க."

ஞாபகம் இருக்கிறது. அதற்கும் பிரேக் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன். பக்கெட் தண்ணீரை என் மேல் தெளித்தாள்.


செப். 17, வியாழன். இரவு 7.30. பர்மிஷன் போட்டு மூன்று மணிக்கே கிளம்பினேன்.

பொய் சொன்னேன். ஜெபத்துக்கு முன் வாட்டர் வாஷ் போட வேண்டும் என்று பெரியப்பாவிடம் சாவி கேட்டேன். மகிழ்ந்துபோய்க் கொடுத்தார். "ஓட்டிப் பாருடா. பட்டு மாதிரி போவும்." பெரியம்மா சீட்டில் கிடந்த விசிறியை எடுத்துக்கொண்டார். நேராகக் குமணன்சாவடி. பாபு ஒர்க் ஷாப்.

பாபு டிப்ளமோவில் என் பெஞ்சு. அவன் ஒர்க் ஷாப் வைத்தான், நான் சட்டையில் எழுதிக்கொண்டேன்.

வண்டி வெள்ளை, ஐந்து வருஷம், வெளியே ஒரு கீறல் இல்லை. சாவியை ஆன் செய்தேன். பேட்டரி, ஆயில், ஏபிஎஸ் எல்லா விளக்கும் எரிந்து அணைந்தன. ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை.

எழுதி வைக்கிறேன், அப்பாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கும்: சாவி போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏர்பேக்கில் கோளாறு. எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கில் கை வைத்திருக்கிறார்கள்.

பாபு பின் சீட்டில் ஏறி பெல்ட்டை இழுத்தான். இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். நம் ஊரில் பின் சீட்டு பெல்ட்டை யாரும் தொடுவதில்லை, அது சுருண்டபடியே கிடக்கும். கடைசி அரை மீட்டர் பழுப்பு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி மண் கறை.

"மாமே, தண்ணி குடிச்ச வண்டி இது. சீட்டு வரிக்கும் குடிச்சிக்கீது."

சீட்டுக்கு அடியில், சீட்டு நகரும் தண்டவாளம் முழுக்கத் துரு. கார்ப்பெட்டைத் தூக்கினால் ஒயர் கட்டுக்குள் வண்டல். மீட்டரைக் கழற்றினான். ஏர்பேக் விளக்குக்கு மேலே கறுப்பு டேப், சதுரமாக, சுத்தமாக வெட்டி ஒட்டியிருக்கிறது.

"இத்த நா ஒட்டல. ஆனா வேற வண்டிங்களுக்கு ஒட்டிக்கீறேன் மச்சான், பொய் சொல்லக் கூடாது. 'லைட்டு கண்ண உறுத்துது'ன்னு கஸ்டமரு கேப்பான். இன்னா பண்ண சொல்ற?"

"ஏர்பேக் வேலை செய்யுமா?"

"செய்யலாம். செய்யாமலும் போவலாம். சும்மா போய்கினு இருக்கும்போது மூஞ்சில வெடிக்கவும் வெடிக்கலாம். ஒயரெல்லாம் மாத்தாம எவனும் சொல்ல முடியாது. உங்க அக்காவ மட்டும் ஏத்தாத."

வாட்டர் வாஷ் போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். அந்த அளவுக்காவது பொய் உண்மையாகட்டும். பெரியப்பா பானட்டைத் தடவிப் பார்த்து "கண்ணாடி மாதிரி கீதுடா" என்றார். 2023 வெள்ளத்துக்கு அடுத்த தை மாசம் பூந்தமல்லியில் ஒரு பழைய கார் யார்டில் அவர் வாங்கியது. பெல்ட்டை இழுத்துப் பார்த்திருக்க மாட்டார். சரி. டேப்?


செப். 18, வெள்ளி. காலை 7. லேசான தூறல்.

நேற்றே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். படம் போட்டே விளக்கினேன். கேட்டார். அவர் முட்டாள் இல்லை, முப்பது வருஷம் மில்லிங் மெஷினில் நின்றவர். புரிந்தது. புரிந்ததுதான் பிரச்சினை.

"இப்ப சொல்லி இன்னா பண்றது? சபையில படிச்சாச்சு."
"வேணாம்னு சொல்றது."
"வாங்கிக்கலாம். ரெண்டு மாசம் வாசல்ல நிறுத்தி, அப்புறம் வித்துடலாம்."
"யாருக்கு?"

அப்பா செய்தித்தாளை எடுத்தார். நேற்றுடையது.

அக்கா: "வாங்கிடுடா. நான் அதுல ஏறலன்னா போச்சு."
"ஏற மாட்டேன்னு சொல்ற காரை எதுக்கு வாங்கணும்?"
"கார் இல்லடா அது. பெரிப்பா மானம்."
"மானத்துக்கு நாலு டயர் எதுக்கு?"

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார். ஞாயிறு ஜெபத்துக்கு கேசரியா பாயசமா என்றுதான் கேட்க வந்தாராம். கேசரி என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். இந்த வாரத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

பெரியப்பாவிடம் தனியாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "ஞாயித்துக்கிழமை பேசலாம்டா, ஜெபக் குறிப்பு எழுதிகினு கீறேன்." சரி. ஞாயித்துக்கிழமையே பேசலாம்.


செப். 20, ஞாயிறு. சாயங்காலம் 6.10. 

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வாடகை நாற்காலி இருபது. சபையிலிருந்து பதினைந்து பேர். வண்டி வாசலில், பானட்டில் செண்டுமல்லி மாலை. சாவி தட்டில், பக்கத்தில் கேசரி. பெரியப்பா வெள்ளை வேட்டி. அப்பா என் பக்கம் பார்க்கவே இல்லை.

பாஸ்டர் வேதத்தைத் திறந்தார். நான் எழுந்தேன். "ஒரு நிமிஷம் ஐயா."

"தம்பி, ஜெபம் முடிஞ்சதும் பேசலாமே."
"முடிஞ்சிட்டா பேச முடியாது ஐயா. அதனாலதான் இப்பவே."

பின் கதவைத் திறந்து பெல்ட்டை இழுத்தேன். எல்லாரும் நான் ஏதோ பாதுகாப்பு விளக்கம் தரப் போகிறேன் என்று நினைத்தார்கள். கறுப்பு வந்தது, வந்தது, பிறகு பழுப்பு வந்தது. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.

 அத்தை, அப்பாவின் தங்கை, கிட்டே வந்து பார்த்தார்: "டீ கொட்டியிருக்குமோ?"
"டீ சுருளுக்குள்ள போய்க் கொட்டாது அத்தை. வெள்ளத்துல மூழ்கின வண்டி இது."

பெரியப்பா எழுந்தார். "என் வண்டிய இழுத்துப் பாக்கச் சொல்லி உனக்கு எவன்டா சொன்னது?"

"யாரும் சொல்லல பெரிப்பா. நீங்களே ஏமாந்துதான் வாங்கியிருக்கீங்க, அது எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஏர்பேக் லைட்டு மேல டேப் யார் ஒட்டினது?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் நம்பியிருப்பார்கள், நானும் சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருப்பேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

"நான்தான் ஒட்டச் சொன்னேன். வாங்கின மூணாம் மாசத்துல எரிய ஆரம்பிச்சுது. எரிஞ்சிகினே இருந்துச்சு. ஏறும்போதெல்லாம் உன் பெரிம்மா 'இன்னாங்க செவப்பா எரியுது, இன்னாங்க செவப்பா எரியுது'ன்னா. ஒட்டச் சொன்னேன். ரெண்டு வருஷம் அவளை வெச்சித்தான் ஓட்டினேன். ஒண்ணும் ஆவல. கர்த்தர் காப்பாத்தினார்."

"கர்த்தர் காப்பாத்தினது சரி பெரிப்பா. டேப் எதுக்கு?"

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது என்று பதினைந்து பேர் முகத்திலும் எழுதியிருந்தது. கேட்டது கேட்டதுதான். பெரியம்மா மட்டும் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பல்பு மாத்திட்டேன் என்று அவரிடம் பெரியப்பா சொல்லி வைத்திருந்தாராம். அது எனக்குத் தெரியாது.

பெரியப்பா தட்டிலிருந்து சாவியை எடுத்தார். மாலையோடு வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். பெரியம்மா ஏறவில்லை. "நான் டிரெயின்ல வரேன், நீங்க போங்க" என்றார், எல்லார் முன்னாலும். அத்தைதான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்.

பாஸ்டர் கேசரி சாப்பிட்டார், பாவம், வேறு என்ன செய்வார். போகும்போது அப்பாவிடம் மெதுவாக: "அடுத்த வாரம் அறிவிப்புல என்னன்னு சொல்றது?"

அப்பா என்னிடம் சொன்னது ஒரே வரி. "நீ இன்ஸ்பெக்டரு. நாங்கல்லாம் ரிஜெக்ட் பீஸு."

வருத்தமா? ஆமாம். மறுபடி இழுப்பேனா? இழுப்பேன்.


செப். 22, செவ்வாய். காலை 6. நல்ல மழை, அதிகாலையிலிருந்து.

வீட்டில் யாரும் பேசுவதில்லை. என் தட்டு மட்டும் தனியாக மூடி வைக்கப்படுகிறது. அம்மா வேலை.

அக்கா வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கணுக்கால் வரை. என்னைக் கூப்பிட்டாள். ஞாயிறுக்குப் பிறகு முதல் பேச்சு.

"நவம்பர்ல இங்க தண்ணி எவ்ளோ வரும்?"
"முட்டி."
"நீ பாத்த பதினோரு வண்டியில எது முட்டித் தண்ணியில போவும்?"

கணக்குப் போட்டேன். சின்னக் கார் ஒன்றின் அடிவயிறு தரையிலிருந்து 170 மி.மீ. முட்டி குறைந்தது 450. பதினோரு வண்டியில் கிளட்ச் ரப்பரைப் பார்த்தேன், டயர் தேதியைப் பார்த்தேன். எங்கள் தெருவை அளக்கவில்லை. எந்தக் காரை வாங்கியிருந்தாலும் அக்காவை ஏற்றி முனை தாண்டுவதற்குள் அதுவும் தண்ணீர் குடித்த வண்டியாகியிருக்கும். நான் ஒரு க்யூ.சி.!

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல நவம்பர் முதல் வாரத்துலேர்ந்து ஒரு ரூம் எடுத்துடு" என்றாள். "நானும் அம்மாவும் இருந்துக்கிறோம். நடந்தே போயிடலாம். கார் வேணும்னு நான் கேட்டேனா? நீங்களா முடிவு பண்ணீங்க, நீங்களா சண்டை போட்டீங்க."

கேட்கவில்லைதான். தப்பு என்னுடையது. எழுதிவைத்துவிட்டேன், போதும்.

ஆனால் இதற்காக பெல்ட் விஷயத்தில் பின்வாங்க மாட்டேன். அது வேறு அளவு.


செப். 24, வியாழன். காலை 8.50. மழை விட்டது. வேலைக்குப் போகும் எஸ்டேட் பஸ்ஸில் ஜன்னலோரம், மடியில் டைரி.

பாபு காலையிலேயே போன்.

"மச்சான், உங்க பெரிப்பா வண்டி புரோக்கர் குரூப்ல வந்துகீது. 'ரிட்டயர்டு ஆளு ஓட்டுனது, ஜெபம் பண்ற குடும்பம்'னு போட்டுக்கீறான். சனிக்கெழம பத்து மணிக்கு அம்பத்தூர்ல பார்ட்டி வராங்க. திருவேற்காட்டு ஆளுங்க. கைக்கொழந்த கீதாம், அதான் பைக்க குடுத்துட்டு காரு வாங்குறாங்களாம்."
"பெரிப்பா ஒத்துக்கிட்டாரா?"
"போட்டோவுல அவர்தான் நிக்கிறாரு."

ஆக நான் வேண்டாம் என்றதால் வண்டி ரோட்டை விட்டுப் போகவில்லை. அடுத்த வீட்டுக்குப் போகிறது. வேலையில் நான் தள்ளிய பீஸுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிப்போம், மறுபடி லைனில் கலந்துவிடக் கூடாது என்று. ஞாயிறன்று நான் பெயின்ட் அடிக்கவில்லை. தள்ளியதோடு வீரம் முடிந்துவிட்டது.

சாப்பிடும்போது இதை வீட்டில் சொன்னேன். அப்பா தோசையைப் பிய்த்தபடி: "உன் அக்கா ஏறல. அதோட விடு. ஊர்ல எல்லா வண்டிக்கும் நீ காவலா?"
"இல்ல. இந்த ஒண்ணுக்கு."
"அவரு உன் மூஞ்சியில முழிக்க மாட்டாரு, ஆயுசுக்கும்."
"சரி."

பெரியப்பாவுக்காகக் கெஞ்சியவள் அக்காதான். அவளைப் பார்த்தேன். வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அப்புறம், "எத்தனை மணிக்கு வராங்கன்னு சொன்ன?"

"பத்து."

"எட்டுக்கே போயிடு. அவரு பேசினா எதிர்த்துப் பேசாத. வேலையை மட்டும் செய்."

சனிக்கிழமை செய்ய வேண்டியவை:

1. காலை 8 மணி, அம்பத்தூர். லீவு இன்றே எழுதிக் கொடுக்க வேண்டும்.

2. முதலில் பெரியப்பாவிடம் நேராகச் சொல்வது. வாட்டர் வாஷ் மாதிரிப் பொய் கிடையாது. அந்தப் பொய்க்கும் சேர்த்து மன்னிப்பு.

3. மீட்டரைக் கழற்றி டேப்பை உரிப்பது. பாபு வருகிறான். சாவி தர மாட்டேன் என்றால் வாசலில் உட்காருவது, பத்து மணி வரை.

4. திருவேற்காட்டுக்காரர்கள் வந்தால் வாங்காதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. காட்டுவேன். முடிவு அவர்களுடையது.

5. பெரியப்பாவுக்கு வழி: பிரித்து உதிரி பாகமாக விற்பது. டயர், கதவு, கண்ணாடி எல்லாம் நல்லது. பிரிக்கும் வேலை என்னுடையது, கூலி இல்லை.

6. அப்பாவைக் கூப்பிடுவதில்லை. அவராக வந்தால் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவருக்கு.

7. பெரியப்பா அடித்தால் வாங்கிக்கொள்வது. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமல்.